மூன்றாம் மாடியில் ஆள் இருக்கிறாரா?

மகேஸ்வரனைப் பற்றி எழுதுவதில் ஒரு சிரமம் உண்டு. தன்னைப் பற்றி எவரும் எதுவும் சொல்ல முடியாதபடி வாழ வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த முயற்சி. அதில் அவர் வென்றுவிட்டார் என்ற செய்தி சென்ற பெப்ரவரியில் பதிவுத் தபாலில் வந்தது.

அனுப்பியது அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கூட்டுறவுச் சங்கம். லுசேர்ண் நகரின் ஓரத்தில், ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் நாலு மாடிக் கட்டடம் அது. அவருடையது மூன்றாம் மாடியில் இரண்டரை அறை. கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. இந்த நாட்டில் திட்டி எழுதினால் கதைத்துத் தீர்க்கலாம். மரியாதையாக எழுதினால் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தங்கள் பெயரில் உள்ள வீட்டில் எவரும் வசிப்பதாகத் தெரியவில்லை என்று அதில் இருந்தது. மின்சாரப் பாவனை கட்டடத்திலேயே மிகக் குறைவு. தண்ணீரும் அப்படியே. அயலில் விசாரித்தபோது தங்களைக் கண்டதாகவோ கேட்டதாகவோ ஒருவரும் சொல்லவில்லை. சங்கத்து வீடுகள் அவற்றில் வசிப்பவர்களுக்கே உரியவை. காத்திருப்போர் பட்டியலோ நீளமானது. ஆகவே தாங்கள் அங்கே வசிப்பதாகக் கட்டடத்தில் உள்ள ஒருவராவது எழுதிக் கையெழுத்திட்டு, மார்ச் 31க்குள் அது சங்கத்துக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டைத் திருப்பித் தர வேண்டும்.

மகேஸ்வரன் அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஏரிக்கரை ஹொட்டல் ஒன்றின் குசினியில் காலை ஏழிலிருந்து மூன்றரை வரை வேலை. பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருடம். வெளியே இதே அளவு வீட்டுக்கு வாடகை இரண்டு மடங்கு, அது அவர் சம்பளத்துக்குள் அடங்காது. வீடு போனால் வேலையையும் விட்டுவிட்டு, லோசானில் மகள் வீட்டு ஹோலில் இருக்கும் சோபாவில் போய்ப் படுக்க வேண்டியதுதான். மருமகன் நல்லவர். ஆனால் அவர் இரவு பதினொரு மணிவரை அதே சோபாவில் இருந்து உதைபந்தாட்டம் பார்ப்பவர்.

ஒரு மனிதன் எப்படி இந்த நிலைக்கு வந்து சேர்கிறான் என்று கேட்கலாம். படிப்படியாகத்தான்.

அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கீழே இருக்கும் பங்கர்களில் தங்க வைத்தார்கள். ஊரில் குண்டு விழுந்த நாட்களில் வளவுக்குள் ஒரு குழி வெட்ட இடம் தேடி அலைந்தவர், குண்டே விழாத நாட்டில் ஒன்பது மாதம் கொங்கிறீட்டுக்குள் படுத்தார். ஐம்பத்திரண்டு பேர், மூன்று தட்டுக் கட்டில், ஜன்னல் இல்லை. முதல் நாளே ஓர் அதிகாரி விதிகளை வாசிக்க, ஒருவர் தமிழில் சொன்னார். பத்து மணிக்குப் பிறகு கதைக்கக் கூடாது. குளிக்கக் கூடாது. கழிவறைத் தண்ணீரை இழுக்கக் கூடாது. சமையல் மணம் வெளியே போகக் கூடாது. மற்ற ஐம்பத்தொரு பேரும் பங்கரை விட்டு வெளியேறியபோது விதிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மகேஸ்வரன் கையோடு கொண்டுவந்தார்.

இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. 'தயவுசெய்து கதிரையைத் தூக்கி வையுங்கள்' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டடம் அவரோடு பேசியது அந்த ஒரு தரந்தான். அன்று மாலையே கதிரைக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டுகள் வாங்கி வந்து ஒட்டினார். பிறகு மேசைக்கு. பிறகு கட்டிலுக்கு. பிறகு வீட்டுக்குள் இரண்டு சோடி காலுறை போட்டு நடந்தார். ஒட்டுவதற்கு வேறொன்றும் மிஞ்சாதபோது மனைவி இந்திராவிடம், தும்மல் வந்தால் தலையணையைப் பிடித்துக்கொள்ளும்படி சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் மகள் மிதுஷாவின் பிள்ளைப்பேறு பார்க்க இந்திரா லோசானுக்குப் போனார். மூன்று மாதம் என்றுதான் போனார். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இந்திரா அங்கே நன்றாகத் தும்முவதாகக் கேள்வி.

தனியாளான பிறகு மகேஸ்வரன் கீழே இறங்கினார். இங்கே வீட்டுக்கு வீடு நிலத்துக்கு அடியில் ஒரு பங்கர் உண்டு. ஒரு முழம் தடிப்பில் சுவர், இரண்டு கையாலும் இழுத்தாலொழிய அசையாத இரும்புக் கொங்கிறீட் கதவு. யுத்தம் வரும்வரை அதை மரச்சட்டத்தால் கூடு கூடாகப் பிரித்து, ஆளுக்கொரு கூட்டில் பனிச்சறுக்குக் கட்டைகளும் பழைய பெட்டிகளும் வைத்திருப்பார்கள். மகேஸ்வரனின் கூடு மூன்று மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம். ஒருநாள் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. நச்சுவாயுவை உள்ளே விடாத கதவு கருவாட்டு மணத்தை மட்டும் வெளியே விடுமா?

அடுத்த சனிக்கிழமை ஒரு சின்ன மின்னடுப்பு கீழே போனது. பொதுச் சுவரில் இருந்த பொதுப் பிளக்கில் அது சூடானது. கதவை இழுத்து மூடிவிட்டுக் கருவாடு பொரித்தார். மூன்று மாதம் கழித்து உடுப்புத் தோய்க்கும் அறையில் ஓர் அறிவித்தல் தொங்கியது: காற்றுக் குழாய்க்குள் மரநாய் ஒன்று செத்துக் கிடக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. சங்கம் இரண்டு முறை ஆள் அனுப்பித் தேடியது. அந்த மரநாய் இன்றுவரை கிடைக்கவில்லை.

அங்கேதான் அவருடைய புத்தகங்களும் இருந்தன. நகரத்தில் இருந்த தமிழ் வாசிகசாலையை மூடியபோது எவரும் எடுக்காத மூன்று பெட்டி ரஷ்யச் சிறுகதைகள், தமிழில், பாதிக்கு மேல் அட்டை இல்லாதவை. ரஷ்யர்களின் விஷயம் விநோதமானது. கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நிலம் வைத்திருப்பவர்கள், கதை எழுத உட்கார்ந்தால் ஒரு மனிதனைப் பிடித்து ஆறடி அறைக்குள் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டு, படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலை, பனி மூடிய தபால் நிலையம். உள்ளே ஒருவன், ஒரு விளக்கு, ஆறிப்போன தேநீர். கதவைத் திறந்தால் கதை முடிந்துவிடும் என்பதால் எழுத்தாளர் கதவின் பக்கமே போகமாட்டார். அந்த அறை மனிதர்களுக்காக மகேஸ்வரன் அழுதார். பங்கரில் வாய்விட்டு அழலாம். மேலே போய் நித்திரை மட்டும் கொள்வார். அதற்கு வெளிச்சமும் தேவையில்லை.

ஆகையால் சங்கம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் சங்கத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண், நீங்கள் நீங்கள்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, அங்கே இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி என்று விளக்கினார். மகேஸ்வரன் வாய் திறக்க நினைத்து, எதிர்ச் சுவரில் தொங்கிய வீட்டு விதிகளைப் பார்த்தார். பதினாலாவது விதி: நிலக்கீழ் அறைகளில் தங்குவதும், சமைப்பதும், பொது மின்சாரம் எடுப்பதும் வீட்டைப் பறிப்பதற்குப் போதிய காரணங்கள். மேலே வசிக்கவில்லை என்றால் வீடு போகும். கீழே வசித்தேன் என்றாலும் போகும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஹொட்டல் குசினியில் அவரோடு நிற்பவன் பிருந்தன், முப்பது வயதுப் பொடியன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, நீங்கள் செத்தாலும் உந்தக் கட்டடத்துக்குத் தெரியாது. போய் ஒரு கதவில பெல்லை அடியுங்கோ."

"அடிச்சு என்னெண்டு சொல்லுறது?"

"இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அதைத்தானே கேக்கினம்."

நாலாம் மாடியில் மாணவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்கள். முதலாம் மாடித் தம்பதி அப்படியொருவரைக் கண்டதில்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. மிஞ்சியது அவருக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் தனியே இருக்கும் ஃப்ராவ் ஓடர்மாட். எண்பத்து மூன்று வயதுக் கிழவி. நாற்பது வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவர்; தன் கண்ணால் காணாத எதற்கும் முத்திரை குத்தியவர் அல்ல.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. மகேஸ்வரன் படியில் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுப் பெல்லை அழுத்தினார். சங்கிலி போட்ட கதவு நாலு விரல் திறந்தது. மேலே இருப்பவர் என்று தன்னைச் சொன்னார். மேலே யாரும் இல்லை என்றார் கிழவி. அவர் விவரமாகச் சொன்னார். கடிதத்தைக் காட்டினார். அடையாள அட்டையைக் காட்டினார். கிழவி கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இருபத்திரண்டு வருடம்," என்றார் கடைசியில். "வெறும் வீட்டுக்குக் கீழே தனியாகப் படுப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அதற்காகவே நான் நாள் முழுக்க ரேடியோவைப் போட்டு வைத்திருக்கிறேன்."

மகேஸ்வரன் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை.

கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டார். காதால் கேட்காததற்குக் கையெழுத்து வைக்க முடியாது என்றார் கிழவி. ஆனால் கேட்டுப் பார்க்கத் தயார். ஒரு கிழமை. இன்றிலிருந்து தினமும் ஐந்திலிருந்து ஆறு மணிவரை நான் கேட்கிறேன், நீங்கள் இருங்கள். அடுத்த வெள்ளி வந்து காகிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று மாலை மகேஸ்வரன் கறிக்கத்தியால் கதிரைக் கால்களின் கம்பளியைச் சுரண்டி எடுத்தார். பிறகு நடந்தார். சத்தம் வரவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் குதிக்கால் தரையில் படவே மறுத்தது. சப்பாத்தைப் போட்டால் சரி. ஆனால் வீட்டுக்குள் சப்பாத்துப் போடுவதா? ஐந்து நிமிடம் அந்த யோசனையில் போனது. கடைசியில் சாமிப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கட்டினார்.

சனி, ஞாயிறு போயின. நடந்தார், கதிரையை இழுத்தார். வெறுமனே நடப்பது விசர் வேலையாகத் தோன்றவே, பங்கரில் இருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து உரக்க வாசித்தபடி நடந்தார். திங்கட்கிழமை தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஃப்ராவ் ஓடர்மாட் நின்றார். நேற்று ஐந்து பத்துக்கு ஏதோ விழுந்ததே, கரண்டியா என்று கேட்டார். முள்ளுக்கரண்டி என்றார் மகேஸ்வரன். கிழவி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துத் திருத்தி எழுதிக்கொண்டார். ஐந்து மணிக்கு ரேடியோவை நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னார்.

அன்று மகேஸ்வரன் தானாகவே லோசானுக்குப் போன் எடுத்தார்.

"இஞ்ச ஒராள் நான் நடக்கிறதை இருந்து கேக்குது," என்றார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றார் இந்திரா.

செவ்வாயும் புதனும் அவர் ஆறு மணியோடு நிற்கவில்லை. ஆறரை வரை நடந்தார். தன்னுடைய காலடிச் சத்தம் தனக்கே நன்றாக இருந்தது. கீழே ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு, முகட்டைப் பார்த்தபடி இருக்கிறார் என்ற நினைப்பில் ஒரு விதமான குளிர் ஏறியது. அது சந்தோஷமா பயமா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்கினார். கையில் இருந்த கதை ரயில் பாதைக் காவலாளி ஒருவனுடையது. எழுதியவர் பெயர் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது. பனிக்காலம், மரக் குடிசை, சுற்றிலும் ஆள் இல்லை. கதவில் யாரோ தட்டும் சத்தம் கேட்கிறது. காற்று என்று நினைத்து அவன் போர்வையை இழுத்துக்கொள்கிறான். அந்த வரியை மகேஸ்வரன் உரக்க வாசித்து முடித்தபோது ஐந்து இருபது இருக்கும்.

அறைகளைச் சூடாக்க மாடிக்கு மாடி ஓடும் தண்ணீர்க் குழாயில் தட்டும் சத்தம் வந்தது. கீழிருந்து. மூன்று தரம்.

அவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். மறுபடி மூன்று. இம்முறை பலமாக.

குழாயில் தட்டினால் சத்தத்தை நிறுத்து என்று அர்த்தம், இந்த நாட்டில் அதை எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்கு அது கேள்வியாகக்கூட எழவில்லை. முப்பத்தைந்து வருடமாக அவர் பயந்து காத்திருந்த தட்டல் அதுதான். நேற்றும் முந்தநாளும் ஆறரை வரை நடந்தது கூடிப்போய்விட்டது, கிழவிக்குப் பொறுமை போய்விட்டது, நாளைக்குக் கையெழுத்தும் போய்விட்டது. மெதுவாகக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கையில் எடுத்துக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் காலுறையோடு படியிறங்கினார். இரண்டாம் மாடிக் கதவைத் தாண்டும்போது உள்ளே இன்னும் தட்டல் கேட்டது. அவர் மூச்சை அடக்கி வேகமாகப் போனார்.

பங்கருக்குள் போய்க் கதவை இரண்டு கையாலும் இழுத்து மூடினார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மிச்சக் கதையை அங்கே வாசித்தார். விடிந்ததும் காவலாளி குடிசைக் கதவைத் தள்ளுகிறான். அது முழுதாகத் திறக்கவில்லை. வெளியே பனியில் எதுவோ தடுக்கிறது. அந்தப் பக்கத்தில் மகேஸ்வரனுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டரைக்கு மேலே ஏறி வந்தபோதும் தட்டல் நின்றிருக்கவில்லை. ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று. இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்தார். விளக்குப் போடாமல், தண்ணீர் இழுக்காமல் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஹொட்டலில் இருந்து ஒரு பெட்டி கேக் வாங்கி வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பார்ப்போம் என்று எண்ணம். இரண்டாம் மாடிக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் ஓர் இளம் பெண் உடுப்புப் பையோடு நின்றாள். தாதி உடை, மார்பில் மதுஜா என்று பெயர். அயலில் தனியே இருக்கும் வயதானவர்களைக் காலையில் வந்து பார்த்துப் போகிறவள். அவரைக் கண்டதும் தமிழில் பேசினாள்.

ஃப்ராவ் ஓடர்மாட் நேற்றுப் பின்னேரம் குசினியில் விழுந்துவிட்டாராம். இடுப்பெலும்பு. இன்று காலை எட்டு மணிக்கு அவள் வந்துதான் கண்டாளாம். அதுவரை நிலத்தில்தான்.

"அங்கிள், நீங்கள் மேல்மாடியோ?" என்று கேட்டாள்.

மகேஸ்வரன் திறந்திருந்த கதவுக்குள் பார்த்தார்.

"மேல ஆரோ இருக்கினமாம். இவ அகப்பையால குழாயில தட்டித் தட்டிக் கூப்பிட்டவவாம். மேல நடந்துகொண்டிருந்தவையாம். தட்டின உடன அப்பிடியே நிண்டிட்டினமாம். இரவிரவாத் தட்டியிருக்கிறா, கை முழுக்கக் கண்டி நீலமாப் போச்சு." அவள் பையை மறு கைக்கு மாற்றினாள். "ஆரெண்டு தெரிஞ்சா ரெண்டு கேள்வி கேக்க வேணும். மேல இருக்கிறது நீங்களோ?"

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் அவரை நேரே பார்த்து அதைக் கேட்டது அன்றுதான். ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் இருக்கிறார் என்பதற்கு ஒரு சாட்சி அந்த இடத்திலேயே கிடைத்திருக்கும்.

"இல்லைப் பிள்ளை," என்றார் மகேஸ்வரன். "நான் ஒராளைப் பாக்க வந்தனான். அவர் இல்லைப் போல."

கேக் பெட்டியோடு படியிறங்கி வெளியே போய், அவள் போகும்வரை பஸ் தரிப்பில் நின்றார்.

பிருந்தனிடம் பாதியைச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போங்கோ அண்ணை, பூ வாங்கிக்கொண்டு போங்கோ, அவ கையெழுத்து வைப்பா என்றான் பிருந்தன். மற்றப் பாதியையும் சொன்ன பிறகு அவன் தட்டுகளை அடுக்கும் வேலையைப் பார்த்தான். மகேஸ்வரன் ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு நாள் போனார். எந்த வார்டு என்று கேட்பதற்கு, தான் யார் என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டார். மிதுஷாவிடம் சோபாவின் நீளம் எவ்வளவு என்று கேட்டு வைத்தார்.

மார்ச் 31 கழிந்தது. ஏப்ரல் 3ஆம் திகதி சங்கத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. வழக்கம்போல மரியாதையாக இருந்தது. தாங்கள் வசிப்பது குறித்த உறுதிப்படுத்தல் உரிய திகதிக்குள் கிடைத்தது, நன்றி. இணைத்துள்ள பிரதியை வாசித்து, அதிலுள்ளவை யாவும் உண்மை என்று அடியில் கையெழுத்திட்டுப் பத்து நாட்களுக்குள் அனுப்பினால் குடியிருப்பு ஒப்பந்தம் தொடரும்.

பிரதி ஆஸ்பத்திரியில் எழுதப்பட்டது. தபால் கந்தோர்க் கையெழுத்து, கொஞ்சமும் கோணல் இல்லை.

'மூன்றாம் மாடியில் ஒருவர் வசிக்கிறார் என்பதை உறுதிப்படுத்துகிறேன். மார்ச் 14 முதல் 20 வரை தினமும் மாலை ஐந்து மணிக்கு அவர் நடப்பதைக் கேட்டேன். 20ஆம் திகதி ஐந்து இருபதுக்கு நான் குழாயில் தட்டினேன். அவர் நடப்பதை நிறுத்தினார். ஆகவே அவர் வீட்டில் இருந்தார் என்பதும், நான் தட்டியது அவருக்குக் கேட்டது என்பதும் நிச்சயம். ஆர். ஓடர்மாட்.'

முதல் வரிக்கு மட்டும் யாரோ அலுவலகத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தேவை அவ்வளவுதான். மகேஸ்வரன் மற்ற வரிகளைத்தான் ஒவ்வொரு நாளும் வாசித்தார்.

ஒன்பதாம் நாள் கையெழுத்து வைத்தார்.